சாம்பல் எப்போது கல்லாகும்?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூரில் கிடைக்கும் ஒரு பொருளை வைத்து அறிவியலை எப்படிக் கற்பிக்கலாம் என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர்ப் பொருளைத் தேட வேண்டியதில்லை. முட்டை இருக்கிறது, லாரி இருக்கிறது, ஜவ்வரிசி இருக்கிறது. அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். அதனால் யாரும் வளம் என்று எண்ணாத ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். அது நிலக்கரிச் சாம்பல்.

'ஃப்ளை ஆஷ் கல்' என்ற பெயர் நம் பக்கத்தில் வீடு கட்டுகிற யாருக்கும் புதிதல்ல. அந்தக் கல் தயாராகும் களங்களில் வேலை பார்க்கிற பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் படிக்கிறார்கள். பள்ளிகளில் சுற்றுச்சுவரும் வகுப்பறையும் அந்தக் கல்லைக் கொண்டு எழும்புகின்றன. அப்படி ஒரு பள்ளியில் கல் இறக்கியிருந்த நேரத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஏங்க சார், சாம்பல்ல கட்டுன பள்ளிக்கூடம் மழைக்குக் கரைஞ்சிராதுங்களா?"

மிக நல்ல கேள்வி. வீட்டில் அடுப்புச் சாம்பலில் தண்ணீர் பட்டால் சேறாகிறது என்பதை அவள் பார்த்திருக்கிறாள். தான் பார்த்ததை வைத்துக் கேட்கிறாள். "அதெல்லாம் கரையாது" என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே செத்துவிடும். ஏன் கரையாது, எப்போது கரையும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு வழி காட்டினால் நான்கு பாடங்களை அதிலிருந்தே நடத்திவிடலாம்.

மின்சாரச் சீட்டில் ஒளிந்திருக்கும் சாம்பல்

சாம்பல் எங்கிருந்து வருகிறது? நமக்கு அருகில் மேட்டூர். 1934இல் திறக்கப்பட்ட ஸ்டான்லி அணையை எல்லாரும் அறிவோம். அந்த ஊரிலேயே 1987 முதல் அனல்மின் நிலையம் இயங்கி வருகிறது. 210 மெகாவாட் அலகுகள் நான்கு, பின்னர் சேர்ந்த 600 மெகாவாட் அலகு ஒன்று, மொத்தம் 1,440 மெகாவாட்.

இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். எடையில் 30 முதல் 40 சதவீதம் வரைகூட இருக்கும். கரி உருவான காலத்திலேயே களிமண்ணும் மணலும் அதனோடு கலந்து படிந்துவிட்டதே காரணம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஒரு யூனிட்டுக்குக் கால் கிலோ சாம்பல்.

இப்போது மாணவர்களை வீட்டு மின் கட்டண விவரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்றால், அத்தனையும் நிலக்கரியிலிருந்தே வந்ததாகக் கொண்டால், 50 கிலோ சாம்பல். சரியாக ஒரு சிமெண்ட் மூட்டையின் எடை. காற்றாலையும் சூரிய ஒளியும் நீரும் அணுவும்கூட நமக்கு மின்சாரம் தருகின்றன. ஆகவே இது ஒரு மதிப்பீடுதான் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆனாலும் 'யாரோ எங்கோ உண்டாக்கிய கழிவு' என்ற எண்ணம் அந்தக் கணக்கோடு மாறிவிடும். நம் வீட்டு விளக்கின் சாம்பல் அது.

ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய கணக்கு கொடுக்கலாம். 1,440 மெகாவாட் ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால் 3 கோடியே 45 லட்சம் யூனிட்டுக்கு மேல். அதே கணக்கின்படி சாம்பல் ஏறத்தாழ 8,600 டன். 30 டன் ஏற்றும் பல்கர் லாரி எத்தனை நடை போக வேண்டும்? ஏறத்தாழ 290 நடை, ஒரே நாளில். லாரித் தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த எண்ணின் கனத்தை நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள்.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல

'சாம்பல்' என்று தமிழில் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் மனத்தில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. முதலில் பிரித்துக் காட்ட வேண்டும்.

விறகுச் சாம்பலில் கால்சியமும் பொட்டாசியமும் மிகுதி. அதனால்தான் அது காரத்தன்மை கொண்டது, பாத்திரம் துலக்க உதவியது, செடிக்கும் தூவினோம். நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கரும்புச் சக்கையைக் கொதிகலனில் எரிக்கும் சர்க்கரை ஆலைச் சாம்பலிலும் சிலிக்காதான் அதிகம். நிலக்கரிச் சாம்பலில் பாதிக்கு மேல் சிலிக்கா, ஏறத்தாழ கால் பங்கு அலுமினா, கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. சுண்ணாம்புச் சத்து மிகவும் குறைவு. கூடவே ஆர்செனிக், குரோமியம், காரீயம் போன்றவை சுவடளவில் இருக்கும். ஆகவே நிலக்கரிச் சாம்பலால் பாத்திரம் துலக்கக் கூடாது. பள்ளிக் காய்கறித் தோட்டத்திலும் கொட்டக் கூடாது. விறகுச் சாம்பலுக்குப் பொருந்துவது இதற்குப் பொருந்தாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

நெய்வேலிச் சாம்பல் இன்னொரு வகை. அங்கே எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3812 சாம்பலைச் சிலிக்கா வகை, சுண்ணாம்பு வகை என்று பிரித்துப் பார்க்கிறது. சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் தண்ணீர் பட்டாலே ஓரளவு தானாக இறுகும். மேட்டூருக்கு வருவது போன்ற கருநிலக்கரியின் சாம்பல் தானாக இறுகாது. அதற்கு வெளியிலிருந்து சுண்ணாம்பு தர வேண்டும். ஆக, அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. தனியே சாம்பலும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தால் கரையத்தான் செய்யும். அவள் சந்தேகம் சரியே.

கற்கண்டும் பஞ்சு மிட்டாயும்

மீதிப் பாதிப் பதில் வேதியியலில் இருக்கிறது.

சுண்ணாம்பு என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு. அது நீரின் உதவியோடு சாம்பலில் உள்ள சிலிக்காவுடன் வினைபுரிந்து கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற பொருளைத் தருகிறது. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் பசையும் இதுவே. அலுமினாவும் இதேபோல் வினையில் சேர்ந்துகொள்கிறது.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் மடக்கிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும்: "மணலும் சிலிக்காதானே? மணலோடு சுண்ணாம்பைக் கலந்தால் ஏன் இப்படி வினை நடப்பதில்லை?"

இதற்கு நான் கடையிலிருந்து கற்கண்டும் திருவிழாவிலிருந்து பஞ்சு மிட்டாயும் கொண்டுவரச் சொல்வேன். இரண்டும் சர்க்கரை. வாயில் போட்டால் கற்கண்டு நெடுநேரம் கிடக்கும், பஞ்சு மிட்டாய் நாக்கில் பட்டதும் காணாமல் போகும். கற்கண்டு மெதுவாக விளைந்தது. மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி நின்ற படிகம் அது. பஞ்சு மிட்டாயோ உருகிய சர்க்கரை சட்டென்று குளிர்ந்தது. மூலக்கூறுகளுக்கு அடுக்கி நிற்க நேரமில்லை. அது மட்டுமல்ல, இழை இழையாக மெலிந்து கிடப்பதால் எச்சில் படும் பரப்பும் அதிகம்.

மணல் கற்கண்டு போல. அதில் சிலிக்கா படிகமாக அடுக்கப்பட்டு உறுதியாக நிற்கிறது. சாதாரண வெப்பநிலையில் சுண்ணாம்பால் அதை அசைக்க முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல் பஞ்சு மிட்டாய் போல. மாவாக அரைத்த நிலக்கரி 1,400 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நொடிகளில் எரிகிறது. அதிலிருந்த களிமண் உருகித் துளியாகி, புகையோடு மேலே பறக்கும்போதே குளிர்ந்து கண்ணாடித் தன்மையுள்ள உருண்டையாகிவிடுகிறது. படிக உருவமற்ற திண்மம் என்று பாடநூலில் படிக்கிறோமே, அதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டு இதுதான்.

இந்த நுண்ணிய உருண்டைகளைப் புகையிலிருந்து பிடிப்பது நிலைமின்னூட்டம். துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றி, எதிர் மின்னூட்டமுள்ள தகடுகளில் ஒட்டவைத்து, தட்டி உதிர்த்துச் சேர்க்கிறார்கள். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கிறதே, அதே தத்துவம். இப்படிச் சேர்வதுதான் உலர் சாம்பல். மொத்தச் சாம்பலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இது. மீதி கனமான கட்டியாக உலையின் அடியில் விழும் அடிச்சாம்பல்.

சாம்பல் முழுவதும் வினைபுரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிலும் குவார்ட்ஸ், முல்லைட் என்ற படிகங்கள் இருக்கின்றன. அவை வெறுமனே இடத்தை நிரப்பும். கண்ணாடிப் பகுதி எவ்வளவு, துகள் எவ்வளவு நுண்மை, எரியாத கரி எவ்வளவு என்ற மூன்றையும் பொறுத்தே சாம்பலின் வினைபடுதிறன் அமைகிறது. எரியாத கரி நீரைக் குடித்துக்கொண்டு கலவையைக் கெடுக்கும். சாம்பல் கறுத்திருந்தால் எச்சரிக்கையாகப் பாருங்கள்.

நான்கு குவளைச் சோதனை

இனி வகுப்பறைக்கு வருவோம். பயன்படுத்திய பிளாஸ்டிக் குவளைகள் நான்கு போதும்.

முதல் குவளையில் சாம்பலும் நீரும். இரண்டாவதில் நீற்றுச் சுண்ணாம்பும் நீரும். மூன்றாவதில் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. நான்காவதில் சுண்ணாம்பு ஒரு பங்கு, சாம்பல் மூன்று பங்கு. சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, அழுத்தி நிரப்பி, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். காற்றுப் புகக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு பட்டால் சுண்ணாம்பு மட்டுமே தனியாக இறுகத் தொடங்கிவிடும். எந்த வினையால் இறுகியது என்று அப்புறம் நம்மால் சொல்ல முடியாது.

நான்கு வாரம் கழித்துக் குவளையைக் கிழித்தெடுத்து நான்கு கட்டிகளையும் தண்ணீர் வாளியில் போடுங்கள். எது எது நிற்கும், எது எது கரையும் என்று அதற்கு முன்பே மாணவர்களை எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதல் மூன்றும் குழையும். நான்காவது நிற்கும்.

இன்னும் நான்கு குவளைகள் இருந்தால் நான்காம் கலவையையே பல விதமாக வைத்துப் பாருங்கள். ஒன்றை ஒரு வாரத்தில் எடுங்கள், ஒன்றை எட்டு வாரத்தில் எடுங்கள். ஒன்றை வெயில் படும் இடத்திலும் ஒன்றை நிழலிலும் வையுங்கள். வெப்பம் கூடினால் வினை வேகமாகும். இந்தியத் தரநிலைச் சோதனையிலேயே சுண்ணாம்பு, சாம்பல், மணல் கலவையை 50 டிகிரியில் எட்டு நாள் ஈரத்தோடு வைத்துத்தான் வலிமையை அளக்கிறார்கள். அப்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 4.5 நியூட்டன் தாங்க வேண்டும். நம் சித்திரை வெயில் இந்தச் சோதனைக்கு உதவி செய்யும். ஈரம் மட்டும் காயக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்கிறேன். ஈரச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கலப்பது ஆசிரியர் மட்டுமே, கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு. சுட்ட சுண்ணாம்பை வகுப்பறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அது நீர் பட்டால் கொதிக்கும். உலர் சாம்பலைத் தூசி பறக்கக் கொட்டாதீர்கள். முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து, ஈரமாகவே கையாளுங்கள். சாம்பல் குட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது.

சிறு வகுப்புகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு கண்ணாடிப் புட்டியில் இரண்டு கரண்டிச் சாம்பலும் நிறையத் தண்ணீரும் விட்டு இறுக மூடிக் கொடுங்கள். குலுக்கி வைத்தால் பெரும்பகுதி படியும், கொஞ்சம் மேலே மிதக்கும். மிதப்பவை உள்ளே வெற்றிடமுள்ள உருண்டைகள். புட்டியின் வெளிப்பக்கம் காந்தத்தை வைத்து நகர்த்தினால் இரும்பு கலந்த சில துகள்கள் கூடவே நகரும். வானவில் மன்றக் கருத்தாளர்கள் பள்ளிக்கு வரும்போது இதையும் ஒரு செயல்பாடாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய பொருள், பழைய அறிவு

சுண்ணாம்போடு இப்படிச் சேர்ந்து இறுகும் பொருள்களுக்குப் பொசோலானா என்று பெயர். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள பொசுவோலி என்ற ஊரின் பெயரால் வந்தது. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் நீருக்கடியிலும் இறுகும் என்று ரோமானியர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். எரிமலைச் சாம்பலும் சட்டென்று குளிர்ந்த கண்ணாடிதான் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் எரிமலைக்குப் பதில் சூளை இருந்தது. சுட்ட களிமண்ணைப் பொடித்தால் அது சுர்க்கி. பென்னிகுவிக் கட்டி 1895இல் நிறைவடைந்த முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் எழுந்தது. களிமண்ணைச் சுடும்போது அதன் அடுக்கு குலைந்து வினைக்கு இணங்குகிறது. மேட்டூர் உலையில் நிலக்கரியோடு சேர்ந்த களிமண்ணுக்கும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. பென்னிகுவிக்கின் பெயர் தெரியாத மாணவர் தமிழ்நாட்டில் இல்லை. அணையை வரலாற்றுப் பாடத்தோடு விட்டுவிடாமல் வேதியியல் பாடத்துக்கும் கொண்டுவாருங்கள்.

அனல்மின் நிலையச் சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்ப்பது பற்றிய முன்னோடி ஆய்வு 1937இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் டேவிஸ் குழுவினரிடமிருந்து வந்தது. 1953இல் முடிந்த அமெரிக்காவின் ஹங்கிரி ஹார்ஸ் அணையில் அது பேரளவில் பயன்பட்டது.

நமக்கு நெருக்கமான இன்னொரு எடுத்துக்காட்டு ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. கவாய் தீவில் இறைவன் கோயிலுக்கு 1999இல் அடித்தளம் இட்டார்கள். கோயிலை வடிவமைத்தவர் நம் கணபதி ஸ்தபதி. அடித்தளக் கலவையை வகுத்துக் கொடுத்தவர் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த குமார் மேத்தா. அந்தக் கலவையில் சிமெண்டைவிட நிலக்கரிச் சாம்பல் அதிகம். இரும்புக் கம்பி கிடையாது. ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது நோக்கம். சிமெண்ட் குறைந்தால் இறுகும்போது எழும் வெப்பம் குறையும், வெப்பம் குறைந்தால் விரிசல் குறையும். மெதுவாக நடக்கும் வினை இங்கே குறையாக இல்லாமல் நன்மையாக அமைந்தது.

சிமெண்ட் மூட்டையும் சாம்பல் கல்லும்

இந்த வினை இன்று நம் கைக்கு எப்படி வந்து சேர்கிறது? முதல் வழி சிமெண்ட். கடையில் பி.பி.சி. என்று விற்கும் மூட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை சதவீதம் சாம்பல் என்று அதன்மேல் அச்சிட்டிருப்பார்கள். தரநிலைப்படி 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். சிமெண்ட் நீரோடு சேரும்போது சுண்ணாம்பு ஒரு துணை விளைபொருளாக உண்டாகிறது. சாம்பல் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் பசையாக மாற்றுகிறது. தனியே சுண்ணாம்பு வாங்கிப் போட வேண்டியதில்லை. கிளிங்கர் ஒரு டன் தயாரிக்க ஏறத்தாழ 0.8 டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவது. கிளிங்கர் இருந்த இடத்தில் சாம்பல் அமர்ந்தால் அந்த அளவு மிச்சம்.

இரண்டாவது வழி கல். சாம்பலோடு சுண்ணாம்பும் ஜிப்சமும் மணலும், அல்லது சிமெண்டும் கிரஷர் தூசியும் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல், தண்ணீர் விட்டே கல்லாக்குகிறார்கள். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதி தாஸ், காளிதாஸ் இருவரும் உருவாக்கிப் பரப்பிய 'ஃபால்-ஜி' முறை இதற்கு நாடெங்கும் வழி திறந்தது. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளே அந்தப் பெயர்.

செங்கல் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ மண் வேண்டும். பத்தாயிரம் கல்லுக்கு 30 டன். அது வயலின் மேல்மண்ணாகவோ ஏரி வண்டலாகவோ இருக்கும். மேல்மண்ணைக் காப்பதும் 1999 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கையின் ஒரு நோக்கம்.

பள்ளிச் சுவரை நாமே சோதிக்கலாம்

இனி நான் சொல்லப்போவது தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கும் மிகவும் வேண்டியது. வினை மெதுவாக நடக்கிறது என்று சொன்னேன். அதன் விளைவு ஆய்வகத்தில் நிற்பதில்லை, சுவரில் வந்து நிற்கிறது. நேற்று அழுத்திய கல்லை அடுத்த வாரமே லாரியில் ஏற்றினால் அது பார்க்கக் கல் மாதிரி இருக்கும். உள்ளே வினை பாதியில் நிற்கும். அப்படிப்பட்ட கல்லின் மூலை உதிரும், ஆணி இறங்கும், மழைக்குப் பொடியும். பழி சாம்பலின் மேல் விழும். குற்றம் அவசரத்தின் மேல்.

கல் வந்து இறங்கும்போது என்ன செய்யலாம்? எந்தத் தேதியில் அழுத்தியது, எத்தனை நாள் தண்ணீர் விட்டது என்று கேளுங்கள். அழுத்திய நாளிலிருந்து 28 நாள் முதிர்ந்த கல் நல்லது. விரல் நகத்தால் கீறிப் பாருங்கள், தூளாகக் கூடாது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமான ஓசை வரக் கூடாது. பிறகு எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு கல்லைக் கொடுங்கள். நன்கு காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் எடை போடட்டும். 2.8 கிலோ இருந்தது 3.2 கிலோ ஆனால் உறிஞ்சிய நீர் 0.4 கிலோ. சதவீதம் 14.3. இது 20க்கு மேல் போகக் கூடாது. சதவீதக் கணக்குக்கு இதைவிடப் பொருளுள்ள எடுத்துக்காட்டு கிடைக்குமா?

வலிமையையும் கணக்கிடலாம். 230 மில்லிமீட்டர் நீளம், 110 மில்லிமீட்டர் அகலமுள்ள கல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன் தாங்குமானால் மொத்தம் ஏறத்தாழ 19 டன். சரக்கேற்றிய ஆறு சக்கர லாரியின் எடைக்கு நெருக்கம். சாம்பல் அவ்வளவு தாங்குமா என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். தாங்கும், வினை முடிந்திருந்தால்.

கான்கிரீட்டுக்கும் இதே விதிதான். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ். 456 தரநிலை, சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் என்கிறது. வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் 14 நாள் நல்லது என்கிறது. நம் ஊர் வெயிலுக்கு எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் கட்டடப் பணி நடக்கும்போது விடுமுறை நாள் வந்தால் தண்ணீர் விடுவது நின்றுவிடும். அந்த இரண்டு நாளுக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்பது நம் கடமை.

கணக்கில் தீர்ந்ததும் மண்ணில் தீர்ந்ததும்

இதையெல்லாம் கேட்டதும் சாம்பல் பிரச்சினை முடிந்துவிட்டது என்று தோன்றலாம். அப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பாதி உண்மையைத்தான் கொடுப்போம்.

மத்திய மின்சார ஆணையத்தின் புள்ளிவிவரப்படி 1996-97இல் இந்தியாவில் உண்டான நிலக்கரிச் சாம்பல் ஏறத்தாழ 6.9 கோடி டன். பயன்பட்டது 9.6 சதவீதம். 2021-22இல் உண்டானது 27 கோடி டன், பயன்பட்டது ஏறத்தாழ 96 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 'பயன்பட்டது' என்ற சொல்லுக்குள் சிமெண்டும் கல்லும் மட்டும் இல்லை. பள்ளம் நிரப்பியதும், கைவிட்ட சுரங்கத்தில் கொட்டியதும், சாம்பல் குட்டையின் கரையை உயர்த்தியதும் அதில் அடக்கம். சுண்ணாம்போடு சேர்ந்து கல்லான சாம்பலிலிருந்து தூசியும் பறக்காது, நச்சும் எளிதில் கசியாது. பள்ளத்தில் கொட்டிய சாம்பல் சாம்பலாகவே இருக்கிறது. இரண்டையும் ஒரே சதவீதத்தில் எழுதலாம், ஆனால் வேதியியல்படி இரண்டும் ஒன்றல்ல.

தண்ணீரில் கலந்து குட்டைக்கு அனுப்பும் ஈரச் சாம்பல் நிலை இன்னும் கடினம். பருமனான அடிச்சாம்பலும் அதில் கலந்துவிடுவதால் வினைபடுதிறன் குறைகிறது. பயன்படுத்த ஆளில்லாமல் தங்கிவிடுகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்ததும், எண்ணூர் மீனவர்களின் போராட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் நாம் செய்தித்தாளில் படித்தவை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் என்ற இடத்தில் 2008 டிசம்பர் 22 அன்று சாம்பல் குட்டையின் கரை உடைந்து 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சேறு வெளியேறியது. அதைச் சுத்தம் செய்யப் போன தொழிலாளர்களில் பலர் பின்னர் நோயுற்றார்கள்.

2021 டிசம்பர் 31 அன்று வெளியான புதிய அறிவிக்கை, சாம்பலை முழுமையாகப் பயன்படுத்தும் பொறுப்பை அனல்மின் நிலையங்களின் மேல் வைக்கிறது. பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு விதிக்கவும் வழி செய்கிறது. சட்டம் அளவைக் கேட்கிறது. எப்படிப் பயன்பட்டது என்று கேட்க வேண்டியவர்கள் நாளைய குடிமக்கள். அவர்கள் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் சிலரின் அப்பாவும் அம்மாவும் கல் களத்தில் வேலை செய்கிறார்கள் என்று முதலிலேயே சொன்னேன். மூக்கைத் துணியால் மூட வேண்டும், சாம்பலை நனைத்தபிறகே அள்ள வேண்டும், சுண்ணாம்பைத் தொட்ட கையைக் கழுவிவிட்டே சாப்பிட வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். நாம் நடத்தும் பாடம் அன்றைக்கு மாலையே ஒரு வீட்டுக்குப் பயன்படும் வாய்ப்பு எல்லாப் பாடத்துக்கும் கிடைப்பதில்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். சாம்பலைக் குப்பை என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பொன் என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எந்தச் சாம்பல், எதனோடு சேர்ந்தது, எவ்வளவு ஈரம், எத்தனை நாள் என்று நான்கு கேள்வி கேட்கப் பழக்குங்கள். வரும் திங்கட்கிழமை நான்கு குவளைகளை நிரப்பித் தேதியெழுதி ஒட்டிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து வாளியில் என்ன நடந்தது என்று அடுத்த பயிற்சியில் நீங்கள் வந்து சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.